வீட்டில் இரண்டு பூனைகள், இப்போது ஒரு நாய்க்குட்டி: பரணைவிட்டு இறங்காத பூனையை என்ன செய்வது?

கல்யாணமுருங்கை (பல்லாவரம்)

வணக்கம். எங்கள் வீடு இரண்டாம் மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவள் அம்முலு, ஏழு வயது, யாரிடமும் எளிதில் ஒட்டமாட்டாள். இளையவன் வெல்லம், மூன்று வயதுக் கடுவன், கருத்தடை செய்தாயிற்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரின் காலைக்கூட உரசிவிட்டு வருகிற ரகம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தெருமுனை மெக்கானிக் கடையிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்துவிட்டாள். தாய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டதாம். பழுப்பு நிறம், காது இன்னும் நிமிரவில்லை, இரண்டு மாதம் இருக்கும் என்கிறார்கள். மணி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்த பிறகு திருப்பி அனுப்பக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம்.

மணிக்குப் பூனை என்றால் விளையாட்டுச் சாமான். வெல்லத்தைக் கண்டதும் முன்னங்கால்களைத் தரையோடு பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி, குரைத்துக்கொண்டே பாய்கிறான். வெல்லம் முதல் நாளே ஓர் அறை கொடுத்தான். இப்போது எதிரே உட்கார்ந்து முறைக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. அம்முலுதான் கவலை. சமையலறைப் பரணில் பெரிய இட்லிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. சாப்பாட்டை மேலே வைத்தால் இரவில் கொஞ்சம் சாப்பிடுகிறாள். பூனைகள் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகிற மண் தட்டு பால்கனிக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கேதான் மணியைக் கட்டியிருக்கிறோம்.

ஒரே தட்டில் பால் ஊற்றி வைத்தால் சேர்ந்துவிடும் என்கிறார் மாமியார். இரண்டையும் மடியில் வைத்துப் பழக்கலாம் என்கிறார் கணவர். மகளோ யாராவது வாயைத் திறந்தாலே அழுகிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செம்பருத்தி68 (காரைக்குடிப் பக்கம்)

அம்மா, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் ஒரு நாயும் மூன்று நான்கு பூனைகளும் இருந்தன. யாரும் யாரையும் அறிமுகம் செய்துவைத்ததில்லை. குட்டி மூக்கை நீட்டும், ஒரு கீறல் வாங்கும், மறுநாளிலிருந்து ஒதுங்கிப் போகும். பாடம் முடிந்தது. இப்போதுதான் நாய்க்குத் தனி அறை, பூனைக்குத் தனி அறை, நடுவில் சமாதானப் பேச்சு என்று கிளம்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கால்நடை_ராசு (நாமக்கல்)

சேர்ப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் இரண்டு கேள்வி. பரணுக்குப் போன பிறகு அம்முலு சிறுநீர் கழித்ததா? பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், பயந்த பூனை முதலில் இரண்டு காரியங்களை நிறுத்தும்: சாப்பாடு, சிறுநீர். சிறுநீர்ப்பை அழற்சிக்கு மனஅழுத்தமும் ஒரு காரணம். கடுவனாக இருந்தால் குழாயே அடைத்துக்கொண்டு ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெண் பூனைக்கு அடைப்பு அரிது, ஆனாலும் வலி வலிதான். சாப்பாட்டைப் பொறுத்தவரை, நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை தாங்காது. குறிப்பாகக் கொழுத்த பூனை முழுப் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்த் தேங்கும். அதிலிருந்து மீட்பது பெரும்பாடு.

எனவே இன்றே மணியை அந்த வழியிலிருந்து அவிழ்த்து வேறிடத்தில் கட்டுங்கள். மண் தட்டுக்குப் போகிற பாதையில் நாயைக் கட்டினால் பூனை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

கல்யாணமுருங்கை

இப்போது போய்ப் பார்த்தேன். பழைய செய்தித்தாள் கட்டின்மேல் போயிருக்கிறாள். பரண் முழுக்க வாடை. இதைப் பார்த்து நிம்மதிப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. இரண்டுக்கும் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் வெறிநோய் ஊசியும் போன வருடம் போட்டது. மணியைப் பின் படுக்கையறைக்கு மாற்றிவிட்டோம்.

கால்நடை_ராசு

நல்லது. போன வருடம் என்றால் தேதியை எடுத்துப் பாருங்கள், அடுத்த ஊசி நெருங்கியிருக்கலாம்.

இனி மணி. தெருவிலிருந்து வந்த குட்டி, தாய் எப்படிப்பட்டது என்று தெரியாது. இரண்டு வாரமாவது தனி அறையில் இருக்கட்டும். பூனைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த வயதுக் குட்டிகளை வாரிக்கொண்டு போவது பார்வோ. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய நோய் அது. பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு. இப்போது நாய்களிடையே சுற்றும் பார்வோ வகைகள் பூனையையும் தொற்றும். உங்கள் பூனைகளுக்குப் போட்ட கூட்டு ஊசியில் பான்லூக்கோபீனியாவுக்கும் பாதுகாப்பு இருக்கிறது, அதனால்தான் தேதியைப் பார்க்கச் சொன்னேன். இது தவிரக் குடற்புழு, தெள்ளுப்பூச்சி, படர்தாமரை. கடைசியில் சொன்னது குட்டியிடமிருந்து பூனைக்கும் வரும், மகளின் கைக்கும் வரும்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்ததும். அதுவரை பல் முளைக்கும் வேகத்தில் யார் கையையாவது கடித்துத் தோல் கிழிந்தால், 'குட்டிதானே' என்று விடாதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பல்லாவரத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரம்தான், ஆனால் ஒருமுறை முழுதாகக் காட்டிவிட்டு வருவது நல்லது.

நல்லூர்க்கிளி (யாழ்ப்பாணம்)

செம்பருத்தி ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்கள் வளவிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஐயா ஒன்றை விட்டுவிட்டார்: வீட்டை.

ஓட்டு வீட்டில் பூனைக்குக் கூரை இருந்தது. கூரையிலிருந்து மதில், மதிலிலிருந்து மாமரம், மாமரத்திலிருந்து அடுத்த வளவு. நாய்க்கு முற்றமும் படலையும். நாய் உள்ளே வந்தால் அதட்டல் விழும், அடுக்களைக்குள் அதற்கு இடமே கிடையாது. பூனை நாயைச் சந்திக்க விரும்பினால் இறங்கி வரும், விரும்பாவிட்டால் மேலேயே தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு, மலசலம், தூக்கம் எதற்குமே நாயைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. அதைத்தான் நாம் 'தானாகப் பழகிவிட்டன' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பல நேரம் அவை பழகவே இல்லை, ஒன்றின் வழியில் ஒன்று வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் மாடி வீட்டில் கூரை எங்கே இருக்கிறது? ஒரு பரண். அதுவும் முட்டுச் சந்து. ஏறினால் இறங்கித்தான் ஆகவேண்டும், இறங்கினால் நாய். அம்முலு பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள் அக்கா, அவளுக்கு வேறு பாதை இல்லை. நாயைப் பழக்குவது அதன்பாட்டில் நடக்கட்டும். முதலில் வீட்டுக்குள் ஒரு கூரையைக் கட்டிக் கொடுங்கள். பரணிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு, அங்கிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு என்று தரையில் கால் படாமல் அவள் வீட்டைச் சுற்றி வர வேண்டும். மண் தட்டும் தண்ணீரும் அந்தப் பாதையிலேயே இருக்க வேண்டும். நாய் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று குரைத்தாலும் அவளுக்கு அது வெறும் சத்தமாகப் போய்விடும்.

செம்பருத்தி68

நல்லூர்க்கிளி சொல்வதை யோசித்துப் பார்த்தேன். எங்கள் பூனைகள் பகலில் திண்ணைப் பக்கம் வந்த நினைவு இல்லைதான். அடுக்களைக் கூரைதான் அவற்றின் ராஜ்யம். புகைபோக்கி வழியாக இறங்கி, நெத்திலி ஆய்கிற நேரத்தில் மட்டும் அம்மாவின் முன்னால் ஆஜராகும். நாய் அப்போது கொல்லைப்புறத்தில் கிடக்கும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் நாய்களில் ஒன்றுக்கு ஒற்றைக் கண்தான். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் பூனைக்கு வழி போட்டுக் கொடுக்கக் கொத்தனாரைக் கூப்பிடும் அளவுக்குப் போக வேண்டுமா என்பது என் கேள்வி.

கால்நடை_ராசு

ஒற்றைக் கண்ணுக்குக் காரணம் எனக்குத் தெரியும் ஐயா, அப்படிப்பட்ட குட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பூனை நகம் கருவிழியில் பட்டால் மேலே ஒன்றும் தெரியாது. குட்டி ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் வடித்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கே காட்டினால் சொட்டு மருந்தில் தீரும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்றால் புண்ணாகிவிடும். கல்யாணமுருங்கை, வெல்லத்தின் நக நுனிகளை இன்றே வெட்டிவிடுங்கள். சிவப்பாகத் தெரியும் ரத்தக்குழாய்க்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்

அடுக்குமாடியில் நாயே வேண்டாம் என்பது என் கருத்து. பூனைகள் முதலில் வந்தவை. குட்டி சின்னதாக இருக்கும்போதே யாராவது தோட்டம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் நிம்மதி, கீழே குடியிருப்பவர்கள் உட்பட.

கல்யாணமுருங்கை

தோட்டம் உள்ளவர் முகவரி இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் 'யாராவது' என்பவரிடம் குட்டியை எப்படிக் கொடுப்பது? இரவு ஒன்பது மணிக்கு மேல் அவன் குரைப்பதில்லை. உங்கள் கீழ்வீட்டுக் கோபம் வேறு யார்மேலோ இருப்பதுபோல் தோன்றுகிறது.

நெறியாளர்

இழை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, அப்படியே போகட்டும். அடுக்குமாடியில் நாய் வளர்க்கலாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது.

தேக்கா_மழை (சிங்கப்பூர்)

இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்ற அரசு அமைப்பின் அடுக்குமாடிகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் அனுமதி: ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள், அத்துடன் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்று. எங்கள் வீடும் சரியாக அந்தக் கணக்குதான். இடமோ உங்கள் வீட்டைவிடச் சிறியது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன், முடியும்.

எங்களுக்குக் கைகொடுத்தது துணி. பூனை மனிதர்களைப் போல முகத்தைப் பார்த்து ஆளை அறிவதில்லை, மோப்பம்தான் அதற்கு முகவரி. வெல்லம் கதவு நிலையில் கன்னத்தை இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பியின் வாடையை அங்கே பூசி, 'இது என் வீடு' என்று எழுதிவைக்கிறான். குட்டி வந்ததும் அந்த எழுத்தின்மேல் புது வாடை ஏறிவிடுகிறது. அம்முலுவுக்கு வீடே வேறு வீடாகிவிட்டது.

பழைய பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து மணியின் முதுகிலும் காதுக்குப் பின்னாலும் தேய்த்து, பூனைகள் நடமாடும் இடத்தில் போட்டுவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அல்ல, கொஞ்சம் தள்ளி. அதே போல வெல்லத்தின் கன்னத்தைத் தேய்த்த துணியை மணியின் படுக்கைக்கு. எங்கள் பெரிய பூனை முதலில் துணியைப் பார்த்துச் சீறியது, பிறகு சுற்றிக்கொண்டு போனது, ஒரு நாள் அதன்மேலேயே படுத்துத் தூங்கியது. அதற்குப் பிறகுதான் நாங்கள் கதவைப் பற்றியே யோசித்தோம்.

அடுத்து கொசுவலைக் கதவு. சென்னையில் இல்லாத வீடு இருக்காது. மரக்கதவைத் திறந்துவைத்து வலைக்கதவை மட்டும் சாத்தினால் பார்க்கலாம், மோக்கலாம், தொட முடியாது. முதலில் கீழ்ப்பாதியைப் பழைய புடவையால் மறைத்துவிடுங்கள். வலைக்கு இரண்டு பக்கமும் இருவருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள், நன்றாகத் தள்ளி. பூனை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டால் மறுமுறை ஒரு சாண் நெருக்கலாம். தூக்கித் தூக்கிப் பார்த்தால் பழைய இடத்துக்கே. பூனை சொல்கிற வேகம்தான் வேகம். நைலான் வலை என்றால் குட்டி ஒரே நாளில் பிறாண்டிக் கிழித்துவிடும், கீழே ஒரு பலகை அடித்துக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறைக்காரன் (கோவில்பட்டி)

எல்லோரும் பூனையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நாய்ப் பக்கம்.

எங்கள் வீட்டில் தலைமுறையாக வேட்டை நாய்தான். முயலை விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம், ஓடுகிற எதுவும் அதன் கண்ணுக்கு முயல்தான். சிப்பிப்பாறை, கன்னி இரண்டையும் பூனை வீட்டில் சேர்க்க வேண்டுமென்றால் கண் திறந்து நடமாடத் தொடங்கியதிலிருந்தே பூனையோடு வளர்ந்திருக்க வேண்டும். அப்படியும் வாசலுக்கு வெளியே பார்க்கிற அயல் பூனைக்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் மணி நாட்டு நாய், இரண்டு மாதம். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம், மூன்றரை மாதம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைத் தன் உலகத்தில் சேர்த்துக்கொள்ளும். நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறான். ஆனால் இந்த நேரத்தில் கெட்ட பழக்கத்தையும் அதே ஆசையோடு கற்றுக்கொள்வான்.

கெட்ட பழக்கம் என்றால் துரத்துவது. பூனை ஓடும்போது துரத்துகிற சுகம் இருக்கிறதே, அதற்கு முன்னால் நீங்கள் கொடுக்கிற பிஸ்கட் ஒன்றுமே இல்லை. ஒருமுறை ருசி கண்டால் மறக்கமாட்டான். அதனால் பூனை இருக்கும் கூடத்துக்கு வரும்போதெல்லாம் மார்பு வார் போட்டு, கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் 'பூனை வந்தால் கழுத்து வலிக்கும்' என்று பாடம் படித்து, பூனைமேல் கோபம் வைத்துவிடுவான். நல்ல தூக்கம் தூங்கி, விளையாடி, வயிறு நிறைந்த பிறகு கொண்டுவாருங்கள். இந்த வயதுக் குட்டி நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட குட்டிதான் பேய் பிடித்ததுபோல் பாயும்.

பூனையைப் பார்க்கிறானா? பார்க்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் உடனே வாயில் ஒரு துண்டு அவித்த கோழி. திரும்பவில்லை என்றால் திட்ட வேண்டாம், இரண்டடி பின்னால் நகர்த்தி மறுபடி கூப்பிடுங்கள். 'பூனையைப் பார்த்தால் அம்மாவிடம் திரும்ப வேண்டும், கோழி கிடைக்கும்' என்பது மண்டையில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. குரைத்துக் குதிக்கிற குட்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது விளையாட்டு அழைப்பு. குரைக்காமல், வாயை மூடி, உடம்பை இறுக்கி, கண் இமைக்காமல் பார்த்தால்தான் பயப்பட வேண்டும். அந்தப் பார்வை தெரிந்தால் அன்றைக்குச் சந்திப்பு அத்தோடு முடிந்தது. நாய்க்கும் பூனைக்கும் வால் பாஷையும் தலைகீழ். நாய் உடம்போடு சேர்த்து வாலை வீசினால் சந்தோஷம். பூனை உட்கார்ந்த இடத்திலேயே வால் நுனியை மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தால் பொறுமை முடிகிறது என்று பொருள். குட்டிக்கு அது தெரியாது, தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு போய் அடி வாங்கும்.

கல்யாணமுருங்கை

எல்லோருக்கும் நன்றி. நல்லூர்க்கிளி சொன்ன கூரைக்கு நேற்றுத் தச்சரைக் கூப்பிட்டேன். "பூனை நடக்கவா பலகை?" என்று கேட்டுவிட்டு, கணவரின் முகத்தைப் பார்த்தார். கணவர் சீரியலைப் பார்த்தார்.

மண் தட்டுக்கு முதலில் குளியலறைக் கதவை லேசாகத் திறந்து கொக்கி போடலாம், பூனை மட்டும் நுழையும் என்று கணக்குப் போட்டேன். பார்த்தால் மணியும் வெல்லமும் இப்போது ஒரே பருமன். வெல்லம் போகிற சந்தில் மணியும் போகிறான். போனவன் தட்டில் வாய் வைத்தும்விட்டான், என்ன சாப்பிட்டான் என்று எழுத விருப்பமில்லை. ஆகவே சந்து பயன்படாது, உயரம்தான். பின் அறையில் பழைய கடப்பைக்கல் அலமாரி ஒன்று இருக்கிறது. இடுப்பு உயரத் தட்டைக் காலிசெய்து அங்கே வைத்தோம். வெல்லம் உடனே போனான். அம்முலு இரவில் போயிருக்கிறாள், மண்ணில் தடம் இருக்கிறது. மணியின் இருப்பிடத்தை முன்பக்கப் படுக்கையறைக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே வலைக்கதவும் இருக்கிறது.

ஒரு கேள்வி. மணிக்கு உண்ணி நிறைய. காதுக்குள் கொத்தாக. ஊரிலிருந்து வந்த கொழுந்தனார், மாட்டுக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டினால் ஒரே நாளில் உதிரும் என்கிறார். பாட்டிலும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். செய்யலாமா?

கால்நடை_ராசு

வேண்டாம். பாட்டிலை மூடி வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

மாட்டு உண்ணிக்கு வருகிற திரவங்களில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் அல்லது அமிட்ராஸ் இருக்கும். நாய்களுக்கென்றே கடையில் விற்கும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். இவை எதுவும் பூனைக்கு ஆகாது. பெர்மெத்ரின் வகையை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பூனைமேல் நேரடியாக ஊற்ற வேண்டும் என்றில்லை, மருந்து பூசிய நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதன் முதுகை நக்கினாலோ போதும். எச்சில் ஒழுகும், காது துடிக்கும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. நாய்க்கு வாங்கிய மருந்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் போட்டுவிட்டு ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பூனைகளும் பிழைத்துவிடவில்லை.

இரண்டு மாதக் குட்டிக்கும் அந்த மாட்டு மருந்து ஆபத்துதான். இப்போதைக்குச் சிறு இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், நசுக்காதீர்கள். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் தருகிற மருந்தை மட்டும் கொடுங்கள். அவரிடம் வாயைத் திறந்ததும் 'வீட்டில் பூனை இருக்கிறது' என்று சொல்லுங்கள். ஈறுகள் வெளிறியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இவ்வளவு உண்ணி என்றால் ரத்தசோகை இருக்கலாம்.

நல்லூர்க்கிளி

மாமியாரின் பால் தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றைக் கலக்கும். ஒரே தட்டு என்பது அதைவிட மோசம். சாப்பாட்டுக்காகத்தான் முதல் சண்டையே வரும். பூனைச் சாப்பாடும் உயரத்திலேயே இருக்கட்டும். நாய்க்கு அதன் வாசனை பைத்தியம் பிடிக்கவைக்கும், தின்று தின்று வயிற்றுப்போக்கு வரும். மறுபக்கம், மணியின் சாப்பாட்டில் வெல்லம் ஒரு வாய் வைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதையே உணவாக்கிவிடக் கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வரவேண்டும், நாய்ச் சாப்பாட்டில் அது போதாது. நாள்பட்டால் இதயமும் கண்பார்வையும் கெடும்.

கல்யாணமுருங்கை

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை, கேட்டவர்களுக்காக நிலவரம்.

மணியை மருத்துவமனையில் காட்டியாயிற்று. ரத்தசோகை லேசாக இருந்தது, டானிக் கொடுத்தார்கள். முதல் ஊசி போட்டாகிவிட்டது. மாட்டு மருந்தைக் கொழுந்தனாரே திருப்பி எடுத்துப் போய்விட்டார், கொஞ்சம் வருத்தத்தோடு.

துணி வேலை செய்தது, ஆனால் தேக்கா_மழை சொன்ன வரிசையில் அல்ல. வெல்லம் முதல் நாளே மணியின் துண்டைக் கவ்விக்கொண்டு போய்த் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். அம்முலு அதே துண்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகவே இருவருக்கும் ஒரே கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன். வெல்லத்துக்கு வலைக்கதவுச் சந்திப்பு சீக்கிரமே தொடங்கியது. இப்போது மணிக்கு வார் போட்டுக் கூடத்தில் உட்காரவைத்தால் வெல்லம் ஒரு கை தூரத்தில் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறான். முதுகைக் காட்டுவது அவமதிப்பு என்றார் கணவர். நம்பிக்கை என்கிறேன் நான். நேற்று மணியின் மூக்கை வெல்லம் தட்டினான், நகம் வரவில்லை, வெறும் பஞ்சுக் கை. மணி பொத்தென்று உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தான். கோழித் துண்டு கொடுத்தேன். சிப்பிப்பாறைக்காரர் அண்ணாவுக்குத் தனி நன்றி.

அம்முலுவுக்குப் பலகை வந்துவிட்டது. பரணிலிருந்து குளிர்சாதனப் பெட்டி, அங்கிருந்து ஷோகேஸ் மேல், ஷோகேஸிலிருந்து பின் அறை அலமாரி. முதல் முறை நடந்தபோது ஒவ்வோர் ஆணியையும் மோந்து பார்த்துக்கொண்டு, வயிறு பலகையில் உரசத் தவழ்ந்தாள். இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். காதுகள் பக்கவாட்டில் மடங்குவது நின்றிருக்கிறது. மணி தூங்கும்போது தரைக்கும் வருகிறாள். விழித்திருக்கும்போது வருவதில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மாமியார்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எப்போது சேரும் என்று.

சிப்பிப்பாறைக்காரன்

சேராமலும் போகலாம் தங்கச்சி. ஏழு வயதுப் பூனை நாயோடு கொஞ்சிக் குலாவ வேண்டும் என்று ஒன்றுமில்லை. அவள் மேலே, அவன் கீழே என்று ஆயுசு முழுக்க நடந்தாலும் அது நல்ல வீடுதான்.

ஆனால் வெல்லம் விஷயத்தில் இன்னும் கயிற்றை விடாதீர்கள். ஆறு ஏழு மாதத்தில் மணி விடலைப் பருவத்துக்கு வருவான். கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடப்பான், எடையும் வெல்லத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். விளையாட்டாகக் கால் போட்டாலே பூனையின் விலா நொறுங்கும். அந்தப் பருவம் தாண்டும்வரை இருவரையும் தனியாக விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குக்கூடப் போகாதீர்கள். தீபாவளி வேறு இடையில் வரும். வெடிச் சத்தத்தில் பயந்த நாயும் பயந்த பூனையும் ஒரே கட்டிலுக்கு அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, முன்கூட்டியே இருவருக்கும் தனித்தனி அறை ஒதுக்கிவிடுங்கள்.

செம்பருத்தி68

கோவையில் என் மகள் வீட்டிலும் பூனை இருக்கிறது, பேரன் நாய்க்குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பலகையின் அகலம் என்ன, தச்சர் எவ்வளவு வாங்கினார் என்று எழுதுங்கள் அம்மா. எனக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை, மகள் கேட்கச் சொன்னாள். அவர்கள் இருப்பது வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துவிடுவார்.

கல்யாணமுருங்கை

அகலம் பத்து அங்குலம் ஐயா. எட்டு போதும் என்றார் தச்சர். ஆனால் எட்டில் பூனை நடக்கலாம், திரும்ப முடியாது. எதிரே இன்னொரு பூனை வந்தால் ஒன்று கீழே குதிக்க வேண்டியதுதான். மேலே பழைய சாக்குத் துணியை இழுத்து ஆணி அடித்தோம், இல்லாவிட்டால் வழுக்குகிறது. கூலியைத் தனிமடலில் எழுதுகிறேன், இங்கே எழுதினால் கணவர் படிப்பார்.

தேக்கா_மழை

வாடகை வீட்டுக்கு ஆணியே வேண்டாம் ஐயா. கடைகளில் சரக்கு அடுக்கும் இரும்பு ஆங்கிள் ரேக் இரண்டு வாங்கி, தட்டுகளைப் படிப்படியாக ஏறுகிற மாதிரி முடுக்கிவிட்டால் போதும். ஒன்று ஜன்னலோரம், ஒன்று அலமாரியோரம். பூனை ஓடிவந்து தாவும்போது ரேக் ஆடும், ஆடினால் மறுமுறை ஏறாது. மேல்தட்டை ஜன்னல் கம்பியோடு கட்டுக்கம்பி போட்டு இறுக்கிவிடச் சொல்லுங்கள். அடித்தட்டில் அரிசி மூட்டையை வைத்தால் இன்னும் உறுதி.